நூல் கட்டிய ஓரச் செடி

வயல் முழுக்க நோய் பிடித்துக் கிடக்கிறது. ஒரே ஒரு செடி மட்டும் நோயில்லாமல் நிற்கிறது. அது பலமான செடியா, தப்பித்த செடியா?

பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் களப் பதிவு எழுதும் வேலைக்கு வைத்த தேர்வில் இதுதான் கடைசிக் கேள்வி. பக்கத்திலேயே 'மதிப்பெண் இல்லை' என்று போட்டிருந்தது. மதிப்பெண் இல்லாத கேள்வியை எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பதிலும் தெரியவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு எழுந்து வந்தேன். கேள்வியை அங்கே வைத்துவிட்டுப் போனவர் யார், ஏன் வைத்தார் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த நிலையத்தின் விதைக் கிடங்கைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் சொன்னதையும், ஒரு பழைய பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கேள்வியை வைத்தவர் அந்த நிலையத்தில் புதுச் சோள ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானி. அந்த அம்மாவை எல்லோரும் பை டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். சோளக் கதிர் பூப்பதற்கு முன்பே அதைப் பழுப்புக் காகிதப் பையால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் அக்கம்பக்கத்து மகரந்தம் வந்து கலந்து, எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாமல் போய்விடும். பூக்கும் பருவத்தில் அவருடைய வயலில் ஆயிரக்கணக்கான கதிர்கள் பை போட்டுக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணுக்கு, யாரோ தபால் உறைகளை நட்டு வளர்ப்பது போல இருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டு வாசலில் 'டாக்டர்' என்று பெயர்ப் பலகை மாட்டியிருந்தார். மூன்றாம் நாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார்.

"நான் பயிருக்குத்தான் டாக்டருங்க. பல்லைப் பத்தி எனக்குத் தெரியாது."

"பரவால்லம்மா. பல்லும் வேர் விட்டதுதானே, ஒரு பார்வை பாருங்க."

அன்றைக்கே பலகை இறங்கியது. அதன் பின்பக்கத்தில் பிறகு பல வருடம் விதை காய்ந்தது.

கணவர் புத்தகம் கட்டுபவர். வீட்டின் கீழே பைண்டிங் கடை, மேலே இரண்டு அறை. நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த பைகள் ஒரு மழைக்கே ஊறிப் பிரிந்துபோனதால், அவரே பசை காய்ச்சி ஒட்டித் தர ஆரம்பித்தார். பருவத்துக்கு நாலாயிரம் பை. சாப்பாட்டு மேசையிலும் ஜன்னல் விளிம்பிலும் மகளின் கட்டிலிலும் பைகள் காயும்.

"ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டு வர்றாங்க. நான் பூவுக்குப் பை ஒட்டிட்டு உக்காந்திருக்கேன்," என்று அலுத்துக்கொள்வார். வாய் அலுத்துக்கொள்ளும். கை மட்டும் நிற்காது.

'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது மகள் முதல் வரியில் எழுதினாள்: 'என் அம்மா சோளத்துக்குத் தொப்பி போடுகிறார்.' ஆசிரியர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். டாக்டர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, அதற்குக் கீழே 'சரிதான்' என்று கையெழுத்துப் போட்டார்.

டாக்டருக்கு விடிந்தும் விடியாத நேரத்தில் வேலை தொடங்கிவிடும். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். காதில் பென்சில். பனியில் மை கரைந்துவிடும் என்பதால் வயலில் அவர் பேனா தொட்டதே இல்லை. கொண்டை ஊசி மாதிரி ஒரு ஊசியை வைத்துக்கொண்டு, அரிசி மணியைவிடச் சின்னப் பூவிலிருந்து மகரந்தப் பையை எடுப்பார். ஒரு கதிரில் அறுபது எழுபது பூவுக்கு இதைச் செய்ய வேண்டும். அந்த நாட்களில் வீட்டில் எது நடந்தாலும் பூக்காலம் முடிந்த பிறகுதான். கணவருக்கு மூக்குக் கண்ணாடி மாற்றுவதும், மகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போவதும் தள்ளிப்போகும்.

"பூ காத்திருக்காது," என்பார்.

"நாங்க காத்திருப்போம். எங்களை யாரும் பை போட்டு மூடலையே," என்பார் கணவர்.

வயலில் களையெடுக்கும் பெண்களில் ஒருவருக்குப் பருந்து என்று பட்டப்பெயர். டாக்டரைவிட நாலைந்து வயது மூத்தவர். தினக்கூலிக்கு வந்தவர்தான். ஆனால் அவர் கண்ணில் படாமல் ஒரு செடி மாறி முளைக்க முடியாது.

"டாக்டரம்மா, நாப்பத்தி மூணாம் வரிசையில ஒருத்தன் மாறுவேஷத்துல நிக்கறான்," என்று வரப்பிலிருந்து குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தால் உண்மையாகவே வேற்று விதை ஒன்று கலந்து முளைத்திருக்கும்.

"எப்படிக்கா அங்கிருந்தே கண்டுபிடிச்சீங்க?"

"காத்துக்கு எல்லாரும் இந்தப் பக்கம் சாயறாங்க. இவன் மட்டும் விறைப்பா நிக்கறான் பாருங்க, மாப்பிள்ளை முறுக்கு."

டாக்டர் அவரை அக்கா என்றே அழைத்தார். மதியம் மரத்தடியில் இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். பைண்டிங் கடையில் மிச்சமாகும் தடித்த நூலை டாக்டர் உருண்டையாகச் சுற்றிக் கொண்டுவருவார். தேர்ந்தெடுத்த செடிக்கு அந்த நூலால்தான் அடையாள அட்டை கட்டுவார்கள். ஒரே ஒரு விதி: டாக்டர் எழுதிய அட்டை இல்லாமல் எந்தச் செடியிலும் நூல் ஏறக்கூடாது. யாரும் அந்த விதியை மீறியதில்லை, பதினோராவது வருடம் வரை.

அந்தப் பதினோரு வருட உழைப்பெல்லாம் திரண்டு ஒரு ரகமாக வந்து நின்றது. சோதனையில் அதன் எண் பதினேழு. இடுப்பு உயரம், சாயாத தண்டு, கைக்கு அடங்காத கதிர். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்த்து 'சரி' என்று சொல்லிவிட்டால் பதினேழு விவசாயிகள் கைக்குப் போய்விடும். டாக்டர் அந்த மாதம் முழுக்கப் பதினேழைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. "எனக்கு ரெண்டு பிள்ளை. ஒண்ணு ஸ்கூலுக்குப் போகுது. இன்னொண்ணுக்கு வயசும் பேரும் எல்லாமே பதினேழு," என்று கணவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தில்தான் கரிப்பூட்டை நோய் எட்டிப் பார்த்தது. மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் தூள் நிறைந்திருக்கும். கதிரைத் தட்டினால் அடுப்புக்கரி கொட்டுவது போலக் கொட்டும். பதினேழில் நூற்றுக்கு மூன்று செடிக்குத்தான் வந்திருந்தது. நூற்றுக்கு ஐந்து வரை பரவாயில்லை என்பது நிலையத்தின் கணக்கு. டாக்டர் பதிவேட்டில் 'குறைவு' என்று எழுதினார்.

சோதனை வயலைச் சுற்றி இரண்டு வரிசை ஓரச் செடிகள் போடுவது வழக்கம். காற்றையும் ஆட்டையும் வெயிலையும் முதலில் தாங்கிக்கொள்ள மட்டுமே அவை நிற்கும். அவற்றை எடை போட மாட்டார்கள், பதிவேட்டில் எழுத மாட்டார்கள். கிடங்கில் மிஞ்சும் பழைய விதைகளையெல்லாம் ஒரே மூட்டையில் கொட்டிக் கலந்து ஓரத்துக்குத் தூவுவார்கள். பயிர் ஆராய்ச்சியில் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருவது இது: ஓரச் செடியை நம்பாதே. அதற்கு வெளிச்சம் அதிகம், தண்ணீர் அதிகம், ஒரு பக்கம் போட்டியே கிடையாது. அது செழிப்பாக இருந்தால் இடத்தால் செழிப்பு. அதற்கு நோய் வராவிட்டால் அது எதிர்த்து நின்றதல்ல, தப்பித்தது.

வடிகால் பக்கத்து மூலையில் அந்த ஓரச் செடிகளைக் கரிப்பூட்டை வாரிக்கொண்டு போயிருந்தது. முப்பது செடியில் இருபத்தொன்பது கறுப்பு. பருந்து அங்கே அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டரைத் தேடி வந்தார்.

"அந்த மூலையில ஒண்ணு மட்டும் சுத்தமா நிக்குதும்மா. வந்து ஒரு எட்டு பாத்துடுங்க."

"ஓரச் செடியாக்கா?"

"ஓரந்தான். ஆனா ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டு நிக்கறவன் கரியாயிட்டான். தூள் இதும் மேலயும் கொட்டியிருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆகல."

"தப்பிச்சிருக்கும்க்கா. ஓரத்துல அப்படி நடக்கும்."

"தப்பிச்சதுன்னே வச்சுக்குவோம். அடுத்த வருஷம் இதோட விதையை ஒரு வரிசை போட்டா தெரிஞ்சுடுமே. ஒரே ஒரு வரிசை."

"வரிசைக்கு எங்கக்கா இடம்? நாலு பேர்கிட்ட மல்லுக்கட்டித்தான் இந்த நிலத்தையே வாங்கியிருக்கேன். நாளன்னைக்கு அந்த மூணு பேர் வர்றாங்க. அது முடியட்டும்."

டாக்டர் போய்ப் பார்க்கவில்லை. இருநூறு அடி தூரம்தான். போய்ப் பார்க்கவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். பதினேழை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள், கதிரைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்கள், தலையாட்டினார்கள். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பும்போது அவர்களில் பெரியவர் வடிகால் பக்கமாக நடந்துவிட்டார். அங்கே ஓரச் செடி ஒன்றில், அட்டை இல்லாமல், தடித்த வெள்ளை நூல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"இது என்ன டாக்டர்? ஓரத்துலகூடத் தேர்வு பண்றீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. பதினோரு வருடம் விதி தவறாமல் வேலை செய்தவர். கடைசி நாளில், கடைசி நிமிடத்தில், முதல் வருட மாணவிகூடச் செய்யாத தவறைச் செய்தவர் போல நிற்க வேண்டியதாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல சார். வேலையாளுங்க விளையாட்டு," என்றார். பையிலிருந்து கத்தரியை எடுத்து நூலை வெட்டினார். வெட்டிய கை அதோடு நிற்கவில்லை. செடியைப் பிடித்துக் கதிரையும் வெட்டி, பக்கத்தில் கிடந்த தீவனக் குவியலில் போட்டார்.

அவர்கள் கார் போன பிறகு பருந்தைக் கூப்பிட்டார். மற்றப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு நூல் கட்டினீங்க?"

"மறந்துடுவீங்களோன்னு கட்டினேம்மா."

"உங்க வேலை களையெடுக்கறது. கண்டுபிடிக்கறது என் வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தா போதும்."

"சரிங்கம்மா," என்றார் பருந்து. குனிந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு விட்ட வரிசைக்குப் போனார்.

பதினேழு வென்றது. ஐந்தே வருடத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க அதுதான். விவசாயிகள் அதை எண்ணால்கூடச் சொல்வதில்லை, 'டாக்டரம்மா சோளம்' என்றே சொன்னார்கள். சிலர் அந்தச் சோளத்தில் வந்ததை வைத்து வீட்டுக்குக் கூரை போட்டோம் என்று சொல்லக் கேட்டு டாக்டர் கண் கலங்கியதுண்டு. விருது ஒன்று வந்தது. அது குளிர்சாதனப் பெட்டியின் மேல், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பருந்து அதன்பிறகு நான்கு வருடம் அதே வயலில் வேலை செய்தார். வரப்பிலிருந்து ஒரு நாளும் குரல் கொடுக்கவில்லை. 'மாறுவேஷத்தில் நிற்கிறவன்' பற்றிப் பேச்சே இல்லை. டாக்டருக்கு அது உறுத்தவில்லை. வயதாக ஆகப் பேச்சுக் குறைந்துவிட்டது என்று நினைத்தார். உண்மையைச் சொன்னால், வேலை தடைபடாமல் நடப்பது வசதியாகவே இருந்தது. ஒரு பருவத்தில் பருந்து வரவில்லை. "பாட்டில் கம்பெனிக்குப் போயிட்டாங்க," என்றார்கள். "ஓ," என்றார் டாக்டர். அப்போது பூக்காலம்.

பதினேழு வெளிவந்த எட்டாம் வருடம், அறுவடைக்கு இருபது நாள் இருக்கும்போது, முதல் விவசாயி செய்தித்தாளில் சுற்றிய கதிரோடு டாக்டரின் அறைக்கு வந்தார். மேசைமேல் வைத்துப் பிரித்தார். பதிவேடுகளின் மேல் கரி கொட்டியது. அந்த வாரத்தில் நாற்பது பேர் வந்தார்கள். வருடா வருடம் ஒரே ரகத்தைப் போட்டதில் நோய் மண்ணில் சேர்ந்து சேர்ந்து ஊறிப் போயிருந்தது. நூற்றுக்கு மூன்றாக இருந்தது நூற்றுக்கு அறுபது ஆகியிருந்தது.

யாராவது திட்டியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. கடைசியாக வந்தவர் கைக்குட்டையால் மேசையைத் துடைத்துவிட்டு, "விடுங்கம்மா. இதை எதிர்க்கிற மாதிரி வேற ஏதாவது வச்சிருப்பீங்கல்ல, அதைக் குடுங்க," என்று மட்டும் கேட்டார்.

வைத்திருக்கவில்லை. அந்த நொடியில்தான் வடிகால் மூலை அவருக்கு ஞாபகம் வந்தது.

அன்று மாலை வரை பதிவேடுகளைப் புரட்டினார். ஓரச் செடிக்கு எண் கிடையாது, ஆகவே ஒரு வரிகூட இல்லை. கிடங்குக்கு ஓடினார்.

"அந்த வருஷம் ஓரத்துக்குத் தூவின கலப்பு மூட்டை இருக்கா?"

கிடங்குக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "டாக்டரம்மா, அது எப்பவோ கோழித் தீவனத்துக்குப் போச்சே. ஓர விதையை யாராவது எடுத்து வைப்பாங்களா? நீங்கதானே சொல்வீங்க."

ஆமாம், அவர்தான் சொல்லியிருந்தார். கையில் இருந்த வெண்ணெயைத் தானே கொட்டிவிட்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. தீவனக் குவியலில் விழுந்த அந்தக் கதிரைப் பருந்து எடுத்து வைத்திருக்கலாம். எடுத்து வைக்கிற ஆள்தான் அவர்.

மறுநாளே பாட்டில் கம்பெனிக்குப் போனார். வாசல் காவலாளியிடம், "பருந்தக்கான்னு சொல்வோம். அம்பது வயசுக்கு மேல இருக்கும். கண்ணு ரொம்பக் கூர்மை," என்றார்.

"கண்ணு கூர்மைன்னா டார்ச்சக்காவாத்தான் இருக்கும். நேரா போய் இடது பக்கம்."

நீளமான அறை. ரப்பர் பட்டையில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து வந்தன. பின்னால் வெள்ளை விளக்கு. பருந்து ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கை போகிற வேகம் தெரியவில்லை. திடீரென்று ஒரு பாட்டில் வரிசையை விட்டு விலகிப் பக்கத்துத் தொட்டியில் விழும், அவ்வளவுதான். டாக்டரைப் பார்த்துவிட்டார். ஆனால் இடைவேளை மணி அடிக்கும்வரை முக்காலியை விட்டு இறங்கவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாய் அருகே நின்றார்கள்.

"என்னம்மா, பாட்டிலுக்கும் பை போட வந்துட்டீங்களா?"

டாக்டரால் சிரிக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு நான் வெட்டிப் போட்டேனே, ஓரத்துல..."

"வடிகா மூலை."

"அந்தக் கதிரை நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

டாக்டர் குழாயின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பாட்டு டப்பாவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். ரெண்டு கைப்பிடி மணி. துணியில முடிஞ்சு வச்சேன். அடுத்த விதைப்புக்கு முன்னாடி உங்ககிட்ட கொண்டு வந்தேம்மா."

"என்கிட்டயா?"

"உங்க ரூம் வாசல்ல நின்னேன். நீங்க போன்ல யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க, பதினேழைப் பத்தி. என்னைப் பாத்துட்டு, அப்புறம் வாங்கன்னு கையைக் காட்டினீங்க. ரெண்டு நாள் நின்னேன். ரெண்டு நாளும் அதே கை. அப்புறம்னு ஒண்ணு வரல."

டாக்டர் எவ்வளவு யோசித்தும் அந்த இரண்டு நாளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வெட்டியது நினைவிருந்தது, திட்டியது நினைவிருந்தது. கையைக் காட்டியது நினைவில்லை. பிற்பாடு அவர் கணவரிடம் அழுததெல்லாம் இதற்காகத்தான். "செஞ்ச தப்பு ஞாபகம் இருந்தா திருத்தலாம். இது எனக்கு நடந்ததாவே தெரியலையே," என்றாராம்.

"அந்த மணி..."

"வண்டு தின்னுடுச்சும்மா. மறு வருஷம் முடிச்சைப் பிரிச்சேன், மாவா கொட்டிச்சு. ஒண்ணு ரெண்டு முழுசா இருந்துச்சு, தொட்டியில போட்டுப் பாத்தேன். முளைக்கல."

பட்டையில் பாட்டில்கள் உரசும் சத்தம் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு நான் பேசினதுக்கு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"கோவமெல்லாம் இல்லம்மா. கோவப்பட்டா வேலை போயிடும்னு சின்ன வயசுலயே பழகாம விட்டது." பருந்து முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டார். "நீங்க சொன்னது சரியாக்கூட இருக்கலாம். அது தப்பிச்ச செடியாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம்க்கா. ஆனா அதை இருக்கலாம்னு விடறதுக்கா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க? போட்டுப் பாக்கறதுக்குத்தானே குடுத்தாங்க."

பருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"திரும்ப வந்துடுங்கக்கா. களையெடுக்க இல்ல. சும்மா வரப்புல நடந்து பாருங்க, போதும்."

"வேண்டாம்மா." குரலில் கடுப்பு இல்லை. "இங்க ஒரு பாட்டிலை எடுத்து வெளிய போட்டா, ஏன் போட்டேன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. இவ போட்டா போட்டதுதான்னு எழுதிக்கறாங்க. அந்தப் பழக்கம் வந்துடுச்சு."

மணி அடித்தது. அவர் உள்ளே போய் முக்காலியில் ஏறிக்கொண்டார்.

நிலையத்துக்குத் திரும்பிய டாக்டர் அந்த வாரமே இரண்டு காரியம் செய்தார். வயல் கொட்டகையின் தூணில் பைண்டிங் நூல் உருண்டை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும், எந்தச் செடியில் வேண்டுமானாலும், எவரையும் கேட்காமல் நூல் கட்டலாம். ஓரத்திலும் கட்டலாம். கட்டியவர் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக்கூடாது. நூல் கட்டிய ஒவ்வொரு செடிக்கும் அடுத்த வருடம், நோய் ஊறிய மண்ணில், ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத் தன்னுடைய சொந்தச் சோதனையில் பாதியை விட்டுக்கொடுத்தார். தலைமை அலுவலகத்தில் அவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது காரியம், வருடத்துக்கு ஒரு தபால் அட்டை. அறுவடை முடிந்ததும் பாட்டில் கம்பெனி முகவரிக்குப் பென்சிலால் கணக்கு எழுதுவார். ஆறாவது வருடம் எழுதியது: 'இந்த வருஷம் நூல் வரிசை பதினொன்று. பதினொன்றும் தப்பித்தவைதான்.' அதுவரை ஐந்து வருடம் பதிலே இல்லை. இந்த முறை அதே அட்டையின் ஓரத்தில் யாரோ எழுதித் தந்த கோணல் எழுத்தில் பதில் வந்தது: 'பதினொண்ணும் தப்பா? கட்டினவங்க கண்ணை மூடிட்டுக் கட்டினாங்களா? நானா இருந்தா நாலு செடியாவது தேறியிருக்கும்.' டாக்டர் அதைக் கணவரிடம் மூன்று முறை படித்துக் காட்டினார். கண்ணாடிக்குள் வைத்து மாட்டட்டுமா என்று கணவர் கேட்டார். "வேண்டாம், இதை பைண்டு பண்ணிக் குடுங்க," என்றார். பதினேழின் பதிவேட்டோடு சேர்த்து அவர் அதைத் தைத்துக் கொடுத்தார்.

ஓய்வு பெறும் வரை பதினான்கு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நூல் வரிசைகள். கரிப்பூட்டையை உண்மையாகவே எதிர்த்து நின்றவை ஐந்தே ஐந்து. அதிலும் ஒன்று சாயும், ஒன்றின் மணி கசக்கும். ஐந்தில் ஒன்றைத் தாயாக வைத்து வேறொருவர் உருவாக்கிய ரகம்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி வருகிறது. அது பதினேழு மாதிரி காய்ப்பதில்லை. ஆனால் கரியாவதும் இல்லை. அது வெளிவருவதைப் பார்க்க டாக்டர் இல்லை. ஓய்வு பெற்ற நான்காம் வருடம் இறந்துபோனார். வடிகால் மூலைச் செடி இருந்திருந்தால் இதெல்லாம் இருபது வருடம் முன்பே கிடைத்திருக்குமா? யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி ஒரு வரிசை.

பதினேழின் பதிவேட்டில் கடைசிப் பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. வயலில் மட்டுமல்ல, வாழ்க்கையிலேயே அவர் பேனாவால் எழுதியது குறைவு. இதைப் பேனாவால் எழுதியிருக்கிறார்:

'வடிகால் மூலையில் ஓரச் செடி ஒன்று. எண் இல்லை. பார்த்தது பருந்தக்கா, நான் அல்ல. வெட்டியது நான். அது பலமானதா, தப்பித்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அன்று சொல்லியிருக்க முடியும்.'

ஓய்வு பெறும் மாதத்தில்தான் அந்தக் கேள்வியைத் தேர்வுத் தாளில் சேர்க்கச் சொன்னாராம். மதிப்பெண் எதற்கு வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "மார்க் வச்சா எல்லாரும் பலம்னோ தப்பிச்சதுன்னோ எதையாவது எழுதிடுவாங்க. 'தெரியல, போட்டுப் பாக்கணும்'னு எழுதற ஆள்தான் எனக்கு வேணும்," என்று சொல்லியிருக்கிறார். நான் வெறுமையாக விட்ட இடத்தில் எழுத வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நூல் உருண்டை இன்னும் தூணில் தொங்குகிறது. பைண்டிங் கடையை இப்போது மகள் பார்த்துக்கொள்கிறார். நூல் தீர்ந்தால் அவரே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறார். பருந்து கண் மங்கி முக்காலியை விட்டு இறங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேறொன்றும் தெரியவில்லை.

இதைப் படித்தவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வயலோ பட்டறையோ அலுவலகமோ, உங்களோடு வேலை செய்கிற யாராவது ஒருவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். முழுசாகச் சொல்ல நேரமில்லையென்றால் விருதை விட்டுவிடுங்கள், பதினேழைக்கூட விட்டுவிடலாம். செடியில் முதலில் நூல் கட்டியது யார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.